மளிகைக் கடைக்குள் ஒரு பூக்கடை

ஒரு கடைக்குள் இன்னொரு கடை நடப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். ஜவுளிக் கடைத் திண்ணையில் தையல் மெஷின் போட்டுக்கொண்டவரும், கோயில் வாசல் தேங்காய்க் கடையில் ஓர் ஓரம் வாங்கி விளக்கு விற்பவரும் எல்லா ஊரிலும் உண்டு. இவர்களில் பூ விற்பவரின் நிலை சற்று வேறானது. இடம் கொடுக்கும் மளிகைக்காரரின் துவரம்பருப்பு மாதக்கணக்கில் மூட்டையில் இருக்கும். காலையில் வாங்கிய மல்லி மொட்டு அன்று மாலையே மலர்ந்துவிடும். மறுநாள் அதற்கு விலை கிடையாது. இந்த இரண்டு சரக்குகளையும் ஒரே கூரையின் கீழ் ஒத்துப்போக வைப்பதே தொழிலின் பெரும்பகுதி. பூக் கட்டத் தெரிவது அதற்கு அடுத்தபடிதான்.

இங்கே நினைவுகூரப்படும் பூக்கடை 1990-களின் பிற்பகுதியில் சென்னை வில்லிவாக்கத்தில், ஒரு மளிகைக் கடையின் வாசற்பகுதியில் தொடங்கியது. நடத்தியவர் கணவரை இழந்த ஒரு பெண்மணி, இதை எழுதுபவரின் தாய். தெருவுக்கு அவர் பூக்காரம்மா. இடம் கொடுத்தவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர். அவர் எல்லோருக்கும் அண்ணாச்சி. அதற்கு முன் பூக்காரம்மா நடைபாதையில் கூடை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நடைபாதையில் வாடகை இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், வெயிலில் பூ பாதி நேரத்திலேயே சுருங்கும், ஆக்கிரமிப்பு அகற்ற வண்டி வந்தால் அன்றைய முதலே போய்விடும். ஒரு கூரை வேண்டும் என்பதே அவர் கேட்டது.

அண்ணாச்சி சம்மதித்ததற்கு இரக்கமும் ஒரு காரணம்; அதைவிடப் பெரிய காரணம் சில்லறை. அந்த ஆண்டுகளில் மளிகைக் கடைகளில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயம் கிடைப்பது அரிது. மீதிக்கு மிட்டாய் கொடுத்து, வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குவது அன்றாடம் நடந்தது. பூ வாங்குபவர்கள் சில்லறையாகவே கொடுப்பார்கள். மாலையில் பூக்கூடையில் சேரும் நாணயங்கள் கல்லாவுக்குப் போக, கல்லாவிலிருந்து நோட்டாகத் திரும்பி வரும். மறுநாள் சந்தைக்குக் கொண்டுபோக நோட்டுத்தான் வசதி என்பதால் இருவருக்கும் இது பொருந்தியது. வெள்ளிக்கிழமை பூவுக்கு வருபவர்கள் அப்படியே கற்பூரமும் திரியும் வாங்கிப் போவார்கள் என்பது அண்ணாச்சியின் அடுத்த கணக்கு. அதுவும் சரியாகவே இருந்தது.

வீட்டார் எல்லோரும் உடனே ஒப்பவில்லை. கடை திறக்கும் நேரத்தில் வாசலில் கணவரை இழந்த பெண் உட்கார்ந்திருந்தால் போணி எப்படி ஆகும் என்று அண்ணாச்சியின் வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். ஊர்ப் பெண்களின் தலைக்கும் சாமி படத்துக்கும் பூக் கொடுக்கும் கையை, முதல் முகமாகப் பார்க்கக் கூடாது என்று சொல்வதில் இருந்த கொடுமை அவர்களுக்குப் புலப்படவில்லை. சென்னையில் கூடை வைத்துப் பூ விற்றுப் பிள்ளைகளை வளர்த்த பெண்களில் கணிசமானவர்கள் இந்த நிலையில் இருந்தவர்கள். அண்ணாச்சி அதிகம் வாதாடவில்லை. “அந்தம்மா கையால வர்ற பூவைத்தானே நம்ம சாமிக்குப் போடுதோம், பெறகு என்ன?” என்று கேட்டுவிட்டு அடுத்த நாளே இடத்தை ஒழித்துக் கொடுத்தார். அவர் செய்த உதவிகளில் இதுவே முதன்மையானது.

எந்த இடம் என்பதில் பல யோசனைகள் வந்தன. பூவுக்கு ஈரம் வேண்டும். மளிகைக்கு ஈரம் ஆகாது. உப்பு மூட்டையும் சர்க்கரை மூட்டையும் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும், தரை வழுக்கும். கடையின் உட்புறம் நிழலாக இருந்தாலும் அங்கே பெருங்காயம், கருவாடு, சோப்பு எல்லாவற்றின் வாசனையும் கலந்து கிடந்தது. வாசனை இரு பக்கமும் போகும் என்பது தேயிலையால் தெரியவந்தது. சில்லறைத் தேயிலை டப்பாவுக்கு அருகில் ஓர் இரவு மல்லிக் கூடை இருந்ததில், மறுநாள் தேயிலை வாங்கியவர்கள் டீயில் பூ வாசம் அடிக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். சீனாவில் மல்லிகைத் தேநீர் இந்த இயல்பை வைத்துத்தான் தயாராகிறது: தேயிலையை மல்லிகையோடு கலந்து இரவு முழுக்க வைத்து, வாசனை ஏறியதும் பூவைப் பிரித்தெடுப்பார்கள். வில்லிவாக்கத்தில் அதற்கு வாடிக்கை இல்லை. கடைசியில் வாசற்படிக்கு உட்புறம், இடப்பக்கம், தண்ணீர் தெருப் பக்கம் வடியும்படி ஒரு கடப்பைக் கல் போட்டுக் கொடுத்தார்கள். மின்விசிறிக் காற்று நேரே படாத இடம் அது. காற்று பட்டால் மொட்டின் ஈரம் போய் நுனி பழுப்பாகும் என்பதால் இது முக்கியம். கிழக்குப் பார்த்த வாசல் ஆதலால் மாலை வெயிலும் இல்லை.

வாடகை தினக் கணக்கு. பணத்தோடு கடையிலுள்ள சாமி படங்களுக்குத் தினமும் பூச்சரம், வெள்ளிக்கிழமை அண்ணாச்சியின் மனைவிக்கு இரண்டு முழம் என்பதும் பேச்சிலேயே முடிவானது. எழுத்தில் எதுவும் இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அது இப்படி இடம் வாங்கும் பலருக்கும் பொருந்தும். அண்ணாச்சியே அந்தக் கட்டடத்துக்கு வாடகைதாரர். அப்போது நடப்பில் இருந்த 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால், அதையே காரணம் காட்டி வாடகைதாரரை வெளியேற்றக் கேட்கலாம். ஒரு துண்டுச் சீட்டு எழுதினாலும் அது அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

சட்டத்தில் இதற்கு இன்னொரு வழி உண்டு. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம், 52-ஆம் பிரிவில் உரிமம் என்பதை வரையறுக்கிறது. இடத்தின் மீது எந்தப் பாத்தியதையும் தராமல், அங்கே இன்னதைச் செய்துகொள்ளலாம் என்று மட்டும் கொடுக்கும் அனுமதி அது. பெரிய அங்காடிகளுக்குள் மற்றவர்கள் நடத்தும் சிறு கடைகள் பெரும்பாலும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. சாவி யாரிடம் இருக்கிறது, கதவைத் திறப்பதும் பூட்டுவதும் யார் என்பது குத்தகையையும் உரிமத்தையும் பிரித்தறிய நீதிமன்றங்கள் பார்க்கும் அடையாளங்களில் ஒன்று. உரிமம் பெற்றவரை அப்புறப்படுத்துவது எளிது. பூக்காரம்மாவுக்குச் சட்டம் தெரியாது. ஷட்டர் சாவி தன்னிடம் இல்லை என்பதன் பொருள் நன்றாகத் தெரியும். ஆகவே கடைக்குள் தன் சாமான் எதையும் நிரந்தரமாக வைக்கவில்லை. கூடை, வாளி, நார்க்கட்டு, மனைப்பலகை எல்லாம் இரவில் வீட்டுக்குத் திரும்பின.

எதை யார் விற்பது என்பதையும் முன்கூட்டியே பேச வேண்டியிருந்தது. பூ வாங்குபவர் கேட்கும் மற்றவை வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், கற்பூரம், மஞ்சள், குங்குமம். இவற்றில் பாதி ஏற்கெனவே அண்ணாச்சியின் சரக்கு. கெட்டுப்போகும் வெற்றிலையும் துளசியும் பூக்கடைக்கு, மற்ற அனைத்தும் மளிகைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பார்க்கப்போனால் நியாயமான பிரிப்பு. ஆனால் லாபத்தில் நிச்சயமான பங்கு மளிகைப் பக்கம் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். தேங்காய் இரண்டு வாரம் காத்திருக்கும். வெற்றிலையைத் தினமும் தண்ணீர் தெளித்துக் காப்பாற்ற வேண்டும்.

கொள்முதல் கோயம்பேட்டில். அந்தச் சந்தை 1996-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் பூ என்றால் பாரிமுனைக்குப் பின்னால் பத்ரியன் தெரு. அந்த வட்டாரத்துக்கே பூக்கடை என்று பெயர், காவல் நிலையத்துக்கும் அதே பெயர். வில்லிவாக்கத்திலிருந்து கோயம்பேடு பக்கம் என்பது பூக்காரம்மாவின் கணக்கையே மாற்றியது. விடியலுக்கு முன் போய், ஏழு மணிக்குள் கடைக்கு வந்துவிடலாம். மல்லி மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்தும் திருவள்ளூர்ப் பக்கமிருந்தும் வரும். சம்பங்கி சத்தியமங்கலத்திலிருந்து, அரளி சேலம் பனமரத்துப்பட்டியிலிருந்து, ரோஜாவும் சாமந்தியும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து. மூட்டை பிரிக்கும்போதே கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே சூடாக இருந்தால் பூ மூச்சுவிட்டு வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மேலே எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் அதை எடுக்கக் கூடாது. மொட்டு நீண்டு, காம்பு பசுமையாக, நுனி கூம்பி இருந்தால் மாலை ஆறு மணிக்குக் கட்டவிழும். காலையிலேயே வாய் திறந்த மொட்டு மதியத்துக்கு மேல் தாங்காது.

மல்லியின் விலை ஆண்டுக்குள் பல மடங்கு ஏறி இறங்கும். பங்குனி முதல் ஆனி வரை விளைச்சல் மிகுதி. கார்த்திகை, மார்கழியில் பனியும் குளிரும் மொட்டைத் தடுத்துவிடும். அதை அடுத்துத் தை முகூர்த்தங்கள் வரும்போது வரத்து குறைவாகவும் தேவை உச்சத்திலும் இருக்கும். அப்போது ஒரு கிலோ வாங்க மூன்று பேர் கூட்டுச் சேர்வார்கள். கனகாம்பரத்துக்கு வாசனை இல்லை, எடையும் இல்லை. ஒரு கிலோவில் கூடை நிறையும், இரண்டு மூன்று நாள் நிறம் மாறாமல் நிற்கும். தொடக்கத்தில் கடையைக் காப்பாற்றியது இந்தக் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும்தான். மல்லியில் போன நட்டத்தை இவை ஈடுகட்டின.

கட்டுவது காலையிலேயே தொடங்கும். வாழை நாரை இரவே நனைத்து, கிழித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். இரண்டு மொட்டு இப்பக்கம், இரண்டு மொட்டு அப்பக்கம், காம்போடு காம்பு சேர்த்து ஒரு முடிச்சு. நெருக்கிக் கட்டினால் கிலோவுக்குக் கிடைக்கும் முழம் குறையும், கலக்கக் கட்டினால் கூடும். கூடுதலாகக் கிடைக்கும் அந்தச் சில முழங்களில்தான் பல பூக்கடைகள் பேரைக் கெடுத்துக்கொள்கின்றன. முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். விற்பவரின் கையே அளவுகோல். பூக்காரம்மாவின் கை சிறியது. அதனால் அவர் அளந்த பிறகு நான்கு விரல் தள்ளி அறுப்பார். மளிகைக் கடையில் தராசு முள்ளைப் பார்த்து வாங்கிப் பழகிய வாடிக்கையாளர்கள் பூவுக்கும் கண்டிப்பாக அளவு பார்ப்பார்கள் என்பதை அவர் முதலிலேயே கணித்திருந்தார். சரம் தொடுப்பது அக்கம்பக்கத்துப் பெண்களும் மகள்களும் செய்யக்கூடிய வேலை. சாமி மாலையும் கல்யாண மாலையும் கட்டுவது தனிக் கைத்தொழில். அவற்றுக்கு ஆர்டர் வந்தால் சந்தைப் பக்கத்து மாலைக்காரர்களிடம் கொடுத்து வாங்கினார்கள்.

இரண்டு வியாபாரங்களின் நாட்காட்டியும் பொருந்தவில்லை. மளிகைக்குக் கூட்டம் மாத முதல் வாரம், சம்பளம் வந்ததும். பூவுக்கு வியாழன் மாலை, வெள்ளி காலை, அமாவாசை, கிருத்திகை. ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் அம்மன் கோயில்களால் பூ ஓடும். புரட்டாசிச் சனிக்கிழமை துளசிக்கு. வரலட்சுமி நோன்புக்குத் தாழம்பூ. பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலையும் அருகம்புல்லும். இரண்டு கூட்டமும் மோதும் நாள் ஆயுத பூஜைக்கு முந்தைய மாலை. அண்ணாச்சி வாசலில் பொரி, கடலை, பூசணிக்காய் குவித்திருப்பார். அதே வாசலில் தெருவிலுள்ள ஒவ்வொரு பட்டறையும் ஆட்டோவும் சாமந்தி மாலைக்கு நிற்கும். அன்று மட்டும் கடப்பைக் கல் இடம் போதாமல் பூக்கடை தெருவுக்கு இறங்கிவிடும். அண்ணாச்சியின் பையன்களே பந்தல் கட்டிக் கொடுப்பார்கள்.

தீராத பிரச்சினை ஒன்று இருந்தது. அது சாவு மாலை. பூக்கடைக்கு முகூர்த்தமும் மரணமும் ஒரே அளவு வருமானம் தருபவை. துக்க வீட்டுக்காரர்கள் பேரம் பேசுவதில்லை, எந்த நேரத்திலும் வருவார்கள். ஆனால் மளிகை வாங்க வருபவர், குழந்தைக்குப் பால்பவுடர் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் சாவு மாலை தொங்கினால் முகம் சுளிப்பார். மாலையைக் கடையில் தொங்கவிடுவதில்லை, கேட்பவருக்கு வீட்டில் கட்டிப் பின்பக்கச் சந்து வழியாகக் கொடுப்பது என்று ஏற்பாடானது. துக்கத்தோடு வருபவர்களைச் சந்துக்கு அனுப்புவது பூக்காரம்மாவுக்கு உறுத்தலாக இருந்தது. அதனால் அவர்களை அலையவிடாமல் மாலையைத் துக்க வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் பழக்கத்தை ஏற்படுத்தினார். அதற்குத் தனியாகக் காசு வாங்கியதில்லை.

முதல் எங்கிருந்து வந்தது என்பதும் சொல்லப்பட வேண்டியது. சந்தையில் ரொக்கம் வேண்டும், அதுவும் விடியலில். நடைபாதைக் காலத்தில் அது தண்டல் பணம். பரவலாக இருந்த கணக்குப்படி ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு 850 ரூபாய் கையில் கொடுத்து, தினம் பத்து ரூபாயாக 100 நாள் வசூலிப்பார்கள். தினமும் திருப்பிச் செலுத்துவதால் கையில் நிற்கும் தொகை குறைந்துகொண்டே போகும், வட்டி முழுத் தொகைக்கும் முன்கூட்டியே எடுக்கப்பட்டிருக்கும். அதனால் உண்மையான ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டையும் தாண்டிவிடும். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-இல் வந்தது; தண்டல் அதற்குப் பிறகும் நடந்தது. பூக்காரம்மாவை அதிலிருந்து மீட்டது மகளிர் சுயஉதவிக் குழு. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய அந்த முயற்சி, பின்னர் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவி வில்லிவாக்கத்துக்கும் வந்திருந்தது. குழுச் சேமிப்பிலிருந்து குறைந்த வட்டிக்கு எடுத்த கடனில் தண்டல் முழுவதும் அடைக்கப்பட்டது. நிலையான ஒரு கடைக்குள் இருப்பவர் என்பதால் குழுவில் அவருக்குக் கிடைத்த நம்பிக்கையும் அந்தக் கடப்பைக் கல் தந்ததுதான்.

2000-க்குப் பின் மளிகைக் கடை பக்கத்து அறையையும் சேர்த்துக்கொண்டு, வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் அங்காடியாக மாறியது. அண்ணாச்சியின் மகன் பொறுப்பேற்றார். பூங்கொத்தும் வைக்கலாமே என்று அவர் கேட்டார். ஓசூர்ப் பசுமைக்குடில்களிலிருந்து நீள் காம்பு ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் எல்லாம் அப்போது கோயம்பேட்டில் தாராளமாகக் கிடைத்தன. இது வேறு வேலை. காம்பைச் சாய்வாகக் கத்தியால் வெட்ட வேண்டும், முடிந்தால் தண்ணீருக்குள் வைத்தே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் காம்பின் நாளங்களில் காற்று புகுந்து நீரோட்டம் அடைபடும். தண்ணீரில் அமிழும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். வாளியைத் தினமும் கழுவ வேண்டும், அழுகல் கிருமி காம்பின் வாயை அடைப்பதால். இவ்வளவு செய்தும் கார்னேஷன் மட்டும் இரண்டே நாளில் இதழ் உள்நோக்கிச் சுருண்டு தூங்கிப்போயிற்று. காரணம் பழத்தட்டு. புதிய அமைப்பில் பூ வாளிகள் வாழைப்பழத்துக்கும் ஆப்பிளுக்கும் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். பூவை முதுமை அடையச் செய்வதும் அதே வாயுதான். கார்னேஷன் அதற்கு மிக எளிதில் இடம்கொடுக்கும். சந்தையில் கொய்மலர் விற்பவர் ஒருவர் இதைச் சொல்லித்தான் தெரிந்தது. வாளிகள் வாசலுக்குத் திரும்பின, பூ நின்றது. அங்காடிக்குள் பூ வைக்க நினைப்பவர்கள் வாடகைக்கும் முன்பாகக் கேட்க வேண்டியது பழம் எங்கே அடுக்கப்படும் என்பதை.

2019-இல் இரண்டு மாற்றங்கள். ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. வாழை இலையில் பொதிந்து நாரால் கட்டித் தரத் தெரிந்த பூக்கடைக்கு அதனால் சிரமம் இல்லை. அங்காடிதான் பைக்குத் தடுமாறியது. அடுத்து, 2017-இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் அந்த ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. அதற்குள் கட்டடத்தை அண்ணாச்சி குடும்பமே வாங்கியிருந்ததால் மறைக்க எதுவும் இல்லை. பூக்கடைக்கு முதல்முறையாக ஒரு தாள் எழுதப்பட்டது. இடத்தின் அளவு, தண்ணீர், மின்சாரம், திறக்கும் நேரம், முன்னறிவிப்புக் காலம் ஆகியவை அதில் இருந்தன. சாமி படத்துக்கான சரமும் தனி வரியாக எழுதப்பட்டது. அண்ணாச்சி சொல்லித்தான் அது சேர்ந்தது.

2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது பூக்கடையும் நின்றது. கோயில்கள் மூடியிருந்தன, கல்யாணங்கள் வீட்டுக்குள் முடிந்தன. அந்த மாதங்களுக்கு வாடகை கேட்கப்படவில்லை. மீண்டும் திறந்தபோது பூக்காரம்மாவின் மகள்களில் ஒருவர் பொறுப்பில் இருந்தார். அங்காடி முழுவதும் கணினிப் பில்லுக்கு மாறியிருந்தது. பூவையும் அதே பில்லில் சேர்த்து, விற்பனையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை வாரக் கடைசியில் தருவதாக நிர்வாகம் சொன்னது. மற்ற சரக்குக்காரர்களுக்கு ஒரு மாதத் தவணை. வாரம் என்பது சலுகைதான். ஆனால் சந்தையில் நாளைய மல்லிக்கு இன்று இரவே பணம் வேண்டும். ஒரு வாரம் பொறுக்க வேண்டுமானால் ஏழு நாள் முதலைக் கடன் வாங்க வேண்டும், பழைய தண்டல் மறுபடி வாசலுக்கு வரும். மகள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். பழைய அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “பூவுக்கு அன்னன்னைக்கே குடுத்துருங்கலே” என்றார். கைப்பேசி வழியே பணம் அனுப்புவது அதற்குள் வழக்கமாகிவிட்டதால் நடைமுறையில் தடை இருக்கவில்லை. இரவு கல்லா மூடியதும் அன்றைய பூ விற்பனைத் தொகை பூக்கடைக் கணக்குக்குப் போய்விடும். பங்குத் தொகை மாதத்துக்கு ஒருமுறை முதல் தேதியில் கழித்துக்கொள்ளப்படும். ஒப்பந்தத் தாளில் அது கடைசி வரியாகச் சேர்க்கப்பட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள்.